யாரும் கேட்காத வயிறு

தூத்துக்குடி பைபாஸில் உப்பு லாரிகளை எடை போடுகிற மேடையில் உட்காரும் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளமாக இருந்தால்தான் பிழைப்பு ஓடும். சுடலைச்செல்விக்கு ஆண்டவன் அந்த விஷயத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே தொங்கவிட்டு எடையைக் குறைத்துக் காட்டப் பார்க்கிற டிரைவரை, கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே கண்டுபிடித்துவிடுவாள். "அண்ணாச்சி, வண்டி முழுசா ஏறட்டும். இல்ல, மிச்சத்த நான் வந்து தூக்கி வைக்கணுமா?" என்று மைக்கில் கேட்பாள். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்த டிரைவர் அப்புறம் ஜென்மத்துக்கும் அப்படி நிறுத்த மாட்டார்.

இப்பேர்ப்பட்ட வாய்க்காரிக்கு ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வராது. "எத்தனை மாசம் தாயி?" என்று யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தது. உதடு அசையும், சத்தம் வராது. அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை. இருந்தது போய் இரண்டு வருடம் ஆகிறது.

செல்வி பிறந்தது ஏரல் பக்கம், ஆற்றுத் தண்ணீரில் நெல் விளைகிற ஓர் ஊரில். முத்தையாபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கணவன் தங்கப்பாண்டி துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிப் போகிற ட்ரெய்லர் ஓட்டுகிறான். குடி கிடையாது, கை நீட்டுகிற வழக்கம் கிடையாது. கஷ்டமான விஷயத்தைப் பேச வேண்டி வந்தால் மட்டும் மனுஷனுக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். அவள் மாசமாக இருந்தபோது அவன் பண்ணின கூத்து முத்தையாபுரம் முழுக்கத் தெரியும். அத்தனை பெரிய ட்ரெய்லரை நாலு மாநிலத்துக்கு விரட்டுகிறவன், பைக்கில் அவளை உட்கார வைத்துக்கொண்டு வந்தால், வேகத்தடையில் இரண்டு காலையும் தரையில் ஊன்றி வண்டியை உருட்டி உருட்டித் தாண்டுவான். பின்னால் வருகிற பஸ்காரன் ஆரனை விட்டுக் கையை எடுக்க மாட்டான். செல்விக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

அவளுக்கு வலி எடுத்த அன்று அவன் ஓசூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது முப்பிடாதி அத்தை, அவள் அப்பாவின் அக்கா. வலி முற்றின நேரத்தில் கர்ப்பப்பை கிழிந்துவிட்டது. ஆபரேசன் பண்ணி எடுத்த பெண் குழந்தைக்கு மூச்சு இல்லை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்தாள். செல்வியின் அப்பா பார்க்க மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கப்பாண்டி வந்து சேர்வதற்குள், செல்விக்கு நினைவு வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஆக, அந்தப் பிள்ளையின் முகத்தைக் கண்ணாரப் பார்த்த சொந்தம் உலகத்தில் ஒரே ஆள், அத்தைதான்.

"அத்த, மூக்கு யாரு மாதிரி இருந்துச்சு?" என்று செல்வி போனில் கேட்பாள்.

"ஒன் மூக்குதான். நெத்தி மாப்பிள்ள நெத்தி," என்பாள் அத்தை. எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்வாள். சில சமயம் புதிதாக ஒன்று சேரும், காதுமடலில் ரோமம் இருந்தது, வலது கை மூடியிருந்தது என்று. அத்தை இட்டுக்கட்டினாளோ என்னவோ, செல்விக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

ஊருக்கெல்லாம் 'பிள்ளை தங்கவில்லை' என்று மட்டும் சொன்னார்கள். கிழிந்ததைத் தைத்திருக்கிறது, இன்னொன்று உண்டானால் தாய் உயிருக்கே ஆபத்து, வேண்டவே வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னது மூன்று பேருக்குத்தான் தெரியும்: செல்வி, தங்கப்பாண்டி, அத்தை. தங்கப்பாண்டி அதைக் காதில் வாங்கினானா என்பதே சந்தேகம். "டாக்டருங்க எல்லாத்துக்கும் அப்பிடித்தான் சொல்லுவாவ," என்று ஒரு தடவை சொன்னான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிள்ளை போயிற்று. வயிறு போகவில்லை. கை கால் எல்லாம் பழையபடி குச்சியாகிவிட்டன, நடுவில் வயிறு மட்டும் அப்படியே முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. தொப்புளைச் சுற்றி, இடுப்பு வரைக்கும், நெருப்புப் பட்டது போல் சிவப்பாகக் கிடந்த வரிகள் நாளாக நாளாக வெளுத்துப் பளபளத்தன. வரியைச் சேலைக்குள் மறைக்கலாம். வயிற்றை எங்கே மறைக்க?

வேலைக்குத் திரும்பின கொஞ்ச நாளில் உப்பு லாரிக்காரர்கள் மரியாதை காட்ட ஆரம்பித்தார்கள். எடைச் சண்டை குறைந்தது. பஸ்ஸில் ஏறினால் ஆள் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஆறுமுகநேரி உப்பளத்திலிருந்து வருகிற சொரிமுத்து அண்ணாச்சி, அறுபதை நெருங்கின டிரைவர், எடைச் சீட்டு வாங்க வரும்போதெல்லாம் ஒரு பையில் நெல்லிக்காயோ மாங்காயோ கொண்டுவந்து மேசையில் வைப்பார். "வாய்க்கு நல்லாருக்கும் தாயி, தின்னு," என்பார். முதல் தடவையே 'இல்லை அண்ணாச்சி' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இல்லை என்றால் ஏன் என்பார், ஏன் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பாவி மனுஷன் ஆசையாக நிற்கிறார், அவர் முகத்தில் எப்படிக் கரியைப் பூசுவது? அவள் நெல்லிக்காயை வாங்கிக்கொண்டாள்.

மாங்காய்க் காலம் போய் அடுத்த மாங்காய்க் காலம் வந்தது. ஒரு நாள் அண்ணாச்சி பையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். மனதுக்குள் எதையோ கூட்டிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைச் செல்வி இன்று வரைக்கும் மறக்கவில்லை. ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் வண்டியை விட்டு இறங்குவதே இல்லை. கேபினில் உட்கார்ந்தபடி கையை மட்டும் நீட்டிச் சீட்டை வாங்கிக்கொள்வார். அன்று செல்வி முடிவு பண்ணினாள், இந்த வயிற்றை ஒழித்துக் கட்ட வேண்டும் என்று. அழகாக வேண்டும், இடுப்பு சிறுக்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு ஆசையில்லை. யாரும் எதுவும் கேட்காத ஒரு வயிறு வேண்டும், அவ்வளவுதான்.

"லோடு எறக்குன பொறவும் எடை கொறையாத வண்டி மாதிரி நிக்கேன்," என்று விஜிலாவிடம் சொன்னாள். விஜிலா எடை மேடையில் இன்னொரு ஷிப்ட் பார்க்கிறவள், கீழவைப்பார்க்காரி. அவள்தான் டவுனில் மக்ரூன் பலகாரக் கடை மாடியில் இருக்கிற ஸ்லிம்மிங் சென்டருக்குக் கூட்டிப்போனாள். சுவர் முழுக்க வயிற்றுப் படங்கள். இடது பக்கம் முன்பு, வலது பக்கம் பின்பு. ஒன்றுக்கும் தலை கிடையாது.

அங்கே இருந்த பெண் செல்வியைப் படுக்க வைத்து, வயிற்றில் பசையைத் தடவி, ஒரு மிஷினைக் கவிழ்த்தாள். அது தோலைக் கவ்வி இழுத்துக் குளிர வைக்கும். கொழுப்பு உறைந்து, கொஞ்ச நாளில் தானாகக் கரைந்து போகுமாம். வரிகளுக்குத் தனியாக ஒரு கிரீம், குட்டி குட்டி ஊசி பதித்த உருளை. கீழே அடுப்பிலிருந்து சர்க்கரை வெந்த வாசனை ஏறி வரும். செல்வி வயிறு மரத்துப்போய்க் கிடப்பாள்.

"பாப்பாவுக்கு என்ன வயசுக்கா?" என்று அந்தப் பெண் சும்மா பேச்சுக்குக் கேட்டாள்.

"ரெண்டு," என்றாள் செல்வி.

அது பொய்தானா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இருந்திருந்தால் இரண்டுதான். அடுத்த முறை போனபோது, பாப்பா பேசுகிறாளா என்று அந்தப் பெண் கேட்டாள். நல்லாப் பேசுவா என்றாள் செல்வி. அப்புறம் அந்த மாடிக்கு ஏறுவதற்கே பயமாகிவிட்டது. எப்படியும் வயிறு இம்மியும் குறையவில்லை. கவ்வின இடம் மட்டும் சிவந்து, கன்றி, ஆறியது.

"இதுக்கெல்லாம் திருநெல்வேலியில ஆபரேசன் டாக்டரப் பாக்கணும் செல்வி," என்றாள் விஜிலா. செல்வி தங்கப்பாண்டியைக் கெஞ்சிக் கூத்தாடி லீவு போட வைத்தாள். அவனுக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. இருந்தாலும் வந்தான்.

அந்த டாக்டர் பொறுமைசாலி, சும்மா சொல்லக்கூடாது. செல்வியைப் படுக்க வைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்து அழுத்தினார். நாலு விரலும் உள்ளே போனது.

"உங்களுக்கு இங்க கொழுப்பே இல்லம்மா. எத உறைய வெச்சாங்க?" என்றார். "பிள்ளை பெரிசா வளரும்போது வயித்துத் தசை ரெண்டும் நடுவுல விலகிடும். நிறையப் பேருக்குத் தானா சேந்துரும். சிலருக்குப் பயிற்சி பண்ணினா சேரும். உங்களுக்கு ரெண்டு வருசமாச்சு, இடைவெளியும் அதிகம். வெளிய தள்ளுறது கொழுப்பு இல்ல, உள்ள இருக்கிற குடல். மிஷினு, கிரீமு, பெல்ட்டு எதுவும் அதைச் சேக்காது."

"வரி, சார்?"

"செவப்பா இருந்தப்பவே வந்திருந்தா லேசர்ல ஓரளவு மங்க வெச்சிருக்கலாம். வெளுத்துப்போன வரி கொஞ்சம் மங்கும், அழியாது. அழிச்சிடுவோம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஆனா வயிறு இறங்கும். ஆபரேசன்ல தசை ரெண்டையும் இழுத்துச் சேத்துத் தைக்கலாம். தொங்குற தோலையும் எடுத்துடலாம். அதோட கீழ்வயித்து வரியில கொஞ்சம் போயிடும்."

செல்வி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். வயிறு இறங்கும் என்று ஒரு படித்த மனுஷர் தன் வாயால் சொல்லிவிட்டார். தங்கப்பாண்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குழந்தைங்க எத்தனை?" என்று கேட்டார் டாக்டர்.

"தங்கல சார்," என்றாள்.

டாக்டரின் குரல் தணிந்துவிட்டது. "சாரிம்மா. அப்ப இப்ப வேண்டாம். இதைப் பண்ணிட்டு மறுபடி மாசமானா தைச்சதெல்லாம் விட்டுப்போயிடும். அடுத்த குழந்தை பொறக்கட்டும், அப்புறம் வாங்க. நல்லபடியா முடிச்சுத் தாரேன்."

அடுத்த குழந்தை கிடையாது சார் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அந்த நிமிஷமே தேதி குறித்திருப்பார். செல்வி வாயைத் திறந்தாள். அதற்குள் தங்கப்பாண்டி எழுந்துவிட்டான். "சரிங்க டாக்டர், பொறந்த பொறவு வாரோம்," என்றான். ஓசூரிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை அவள் பார்த்ததில்லை. டாக்டரே சொல்லிவிட்டாரே, அடுத்தது பிறக்கட்டும் என்று. அந்த முகத்தின் முன்னால் அவளால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. எழுந்து அவன் பின்னால் வெளியே வந்தாள். வருகிற வழியில் அவளுக்கு அவன் மேல் கோபமாக வந்தது. அவனைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

மறுநாள் வேலை இடத்திலிருந்து அத்தைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அத்தை கடைசி வரைக்கும் கேட்டாள்.

"இவ்வளவுதானளா? ஒனக்கு வாய் வரலன்னா எனக்கு வரும்லா. மாப்பிள்ளைக்குத் தெரியாண்டாம். நெல் அறுப்பு முடியட்டும், நான் வாரேன். நாம ரெண்டு பேரும் போவோம். அந்த டாக்டர்ட்ட நான் சொல்லுதேன்."

செல்வி போனை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். இரண்டு வருடத்தில் அன்றுதான் அவளுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. வெளியே வண்டி ஏறி நின்று ஆரன் அடித்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, பின் சக்கரம்," என்றாள் மைக்கில்.

அறுப்பு முடிந்தது. அத்தை வரவில்லை. ஒரு காலையில், தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டுக் குனிந்தவள் எழுந்திருக்கவே இல்லையாம். அப்பா போனில் சொல்லிவிட்டு விம்மினார்.

வெளியே போகும்போதெல்லாம் செல்வி வயிற்றை இறுக்கி ஒரு பெல்ட் கட்டுவாள். முழுசாக மறைக்காது, கொஞ்சம் அமுக்கும். அன்று அது துவைத்துக் கொடியில் சொட்டச் சொட்டக் கிடந்தது. அவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை. கையில் கிடைத்த நூல் சேலையைச் சுற்றிக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டாள். ஏரல் போய்ச் சேருகிற வரைக்கும் அவள் மனதில் ஓடினது ஒன்றுதான். பிள்ளை முகத்தைப் பார்த்த கண் அது. மூடிக் கிடந்தாலும் அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தையைக் கண்ணாடிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள், சுற்றிலும் பெண்கள். செல்வி பைக்கிலிருந்து இறங்கி, "அத்தே," என்று கதறிக்கொண்டு ஓடினாள். பந்தல் காலைத் தாண்டியிருப்பாள். நாலைந்து பேர் எழுந்து குறுக்கே வந்து அவளைத் தாங்கிப் பிடித்தார்கள்.

"வேண்டாம்ளா, நில்லு. பிள்ளைத்தாச்சி பிணத்தப் பாக்கப்பிடாது."

"போன தடவ பட்டது போதாதா? அங்கன போவாத மக்கா."

"ஏ அய்யா, மறுபடியும் உண்டாயிருக்கா பாருங்க. முப்பிடாதி இதப் பாக்காமப் போயிட்டாளே." அதைச் சொன்ன பெரியம்மா ஒரு கண்ணில் துக்கமும் ஒரு கண்ணில் சந்தோஷமுமாகச் செல்வியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தாள். சுற்றி நின்றவர்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கெட்ட எண்ணம் ஒருத்தியிடமும் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் செல்வி கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். இவர்களை என்ன செய்வது?

எனக்கு ஒன்றுமில்லை, விடுங்க. அவ்வளவு சொன்னால் போதும், வழி விட்டுவிடுவார்கள். ஒன்றுமில்லை என்றால் இது என்ன வயிறு என்று கேட்பார்கள், கேட்கட்டும். செல்வி மூச்சை இழுத்துக்கொண்டு, தங்கப்பாண்டி எங்கே என்று தேடினாள்.

அவன் பந்தலுக்கு வெளியே ஆம்பிளைகளோடு நின்றான். செல்வியின் சித்தப்பா அவன் தோளில் கையைப் போட்டிருந்தார்.

"ஏலே மாப்பிள, ஒரு வார்த்த சொல்லவே இல்லியே. பொண்டாட்டி பிள்ளைத்தாச்சியா இருக்கையில நீ பாடை தூக்கப்பிடாது, சுடுகாட்டுக்கும் வரப்பிடாது, தெரியும்லா? தள்ளி நில்லு."

இல்லை மாமா என்று அவன் சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த முகத்தில், அழுகைக்கு நடுவில், ஒரு சிரிப்பு வந்து போனது. பொண்டாட்டிக்கு மட்டும் தெரிகிற சிரிப்பு. நாலு பேர் முன்னால் அவனை அப்பாவாக்கிவிட்டார்கள். எத்தனை நாள் கழித்து மனுஷனுக்கு ஒரு மரியாதை. இப்போது அவள் வாயைத் திறந்தால் அத்தனை பேர் முன்னாலும் அவன் முகம் என்ன ஆகும்? சொரிமுத்து அண்ணாச்சி முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

ஆட்களின் இடுக்கு வழியாகப் பெட்டியின் கால்மாடு தெரிந்தது. பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. நான் சொல்லுதேன் என்றவள் கட்டின காலோடு கிடக்கிறாள்.

"எத்தன மாசம் தாயி?" என்று பெரியம்மா கேட்டாள்.

செல்வியின் உதடு அசைந்தது. இந்தத் தடவை சத்தம் வந்துவிட்டது.

"ஆறு," என்றாள்.

கைத்தாங்கலாக அவளை எதிர்வீட்டுக்குக் கூட்டிப்போய், ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். முதுகுக்கு ஒரு தலையணை வைத்தார்கள். கலர் சோடா வாங்கிக் குடிக்கக் கொடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரி விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, அப்படியானால் அடுத்த அறுவடைக்கு முன்னாலேயே பிறந்துவிடும் என்றாள். ஆமாக்கா என்றாள் செல்வி. இந்தத் தடவை நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துக்கொள் என்றாள். சரிக்கா என்றாள் செல்வி. தெருவில், அத்தையைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வருகிற மேளம் கேட்டது. அப்புறம் சங்கு. அப்புறம் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட குலவை. அத்தையைத் தூக்கிவிட்டார்கள் என்று செல்விக்குத் தெரிந்தது. எழுந்து சன்னலுக்குப் போகப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி அவள் தோளை அமுக்கி உட்கார வைத்துச் சன்னலைச் சாத்தினாள்.

தெரு அடங்கின பிறகு தங்கப்பாண்டி வந்து வாசலில் நின்றான். "வா, போவோம்," என்றான். ஊர்ப் பெண்கள் ஒரு பையில் தேங்காயும் முருங்கைக்கீரையும் போட்டுக் கொடுத்தார்கள். ஒருக்களித்து ஏறு, பத்திரம் என்றார்கள்.

ஆற்றுப் பாலம் வந்தது.

"அத்தையப் பாத்தியா?" என்று அவன் கேட்டான்.

"இல்ல. நீங்க தூக்குனியளா?"

"இல்ல."

ஏன் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த மூக்கு, அந்த நெற்றி, மூடியிருந்த வலது கை, எல்லாம் அத்தையோடு சேர்ந்து இந்நேரம் சுடுகாட்டில் எரிந்துகொண்டிருக்கும். திருநெல்வேலிக்கு இனி யாரும் கூட வர மாட்டார்கள். ஊருக்குள்ளும் இனி அவள் போக முடியாது. போனால் பிள்ளை எங்கே என்பார்கள்.

பாலம் தாண்டி முதல் வேகத்தடை வந்தது. தங்கப்பாண்டி பைக்கை நிற்கிற அளவுக்கு மெதுவாக்கினான். இரண்டு காலையும் தரையில் ஊன்றினான். வண்டியை உருட்டி உருட்டித் தாண்டினான். தெரிந்துதான் செய்தானா, கால் தானாக இறங்கிவிட்டதா, செல்விக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த மினி பஸ் ஆரன் அடித்தது. செல்வி பையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் சட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முத்தையாபுரம் வரைக்கும் எத்தனையோ வேகத்தடை. ஒவ்வொன்றிலும் அவன் காலை ஊன்றினான்.